பேனரின் மறுமுனை

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு படகேறி மீன் பிடிக்கப் போவதற்காக, சனிக்கிழமையைப் பலி கொடுத்துவிடுவது என்று ஹிசாவோ முடிவு செய்தார். நகோயா நகரத்திலேயே தன்னைப் போல ராஜதந்திரி கிடையாது என்பது அவர் எண்ணம்.

மனைவி கினுயோவுக்குப் பனித்தரை ஸ்கேட்டிங் போட்டி பார்ப்பதென்றால் உயிர். வழக்கமாகத் துணைக்குப் போகும் பக்கத்து வீட்டு உமெகி அம்மாளுக்கு அந்தச் சனிக்கிழமை லீவு கிடைக்கவில்லை. ஹிசாவோ சட்டென்று உள்ளே புகுந்தார்.

"சனிக்கிழமை நான் வரேன். ஆனா ஞாயித்துக்கிழமை என்னைக் கூப்பிடவே கூடாது."

"கூப்பிடவே மாட்டேங்க" என்றாள் கினுயோ.

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதில்லை. மனுஷர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். எங்கே!

கூரை போட்ட அரங்கம்தானே என்று மெல்லிய சட்டையோடு கிளம்பினார். உள்ளே போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், கால்விரல்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கினுயோ உமெகி அம்மாள் கொடுத்தனுப்பியிருந்த கம்பளியை அவருக்குப் போர்த்திவிட்டு, ஒரு நீளத் துணி பேனரின் முனையைக் கையில் திணித்தாள். இரண்டு பெண்களும் சேர்ந்து தைத்த பேனர். அவர்களுடைய அபிமான வீராங்கனையான மாஹிரோ என்ற சின்னப் பெண்ணின் பெயர் அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. வீராங்கனைகள் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளச் சுற்றி வந்தபோது அதைத் தூக்கிப் பிடித்தார். அதோடு கடமை முடிந்தது என்று நினைத்து, பாத்ரூம் போவதாகச் சொல்லி நழுவினார். கீழே நூடுல்ஸ் கடையில் ஆவி பறந்துகொண்டிருந்ததை வரும்போதே பார்த்து வைத்திருந்தார்.

பாதிப் படியில் ஊழியப் பெண் ஒருத்தி கையை நீட்டி மறித்தாள். பனித்தரையில் ஆள் ஆடும்போது பார்வையாளர் யாரும் நடக்கக் கூடாதாம். இசை ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லாமல் திரும்பிப் பார்த்தார். ஆடுவது மாஹிரோ.

அந்தப் பெண் எம்பினாள். காற்றில் பம்பரமாகச் சுழன்றாள். தொப்பென்று விழுந்தாள். ஹிசாவோ "ஐயோ" என்று அலறினார். விழுந்தவள் எழுந்து அடுத்த நொடியே மறுபடி எம்பி, இந்த முறை பூப்போல இறங்கினாள். நூடுல்ஸாவது மண்ணாவது! கைப்பிடிக் கம்பியை இறுக்கிக்கொண்டு, "விடாதம்மா, விடாத" என்று விசும்பினார். ஊழியப் பெண் ஒரு கையால் அவரை அடக்கி, மறு கையால் கைக்குட்டை கொடுத்தாள்.

ஆட்டம் முடிந்ததும் ஓடி வந்து பேனரைப் பிடித்தார். அவர் ஆட்டிய ஆட்டத்தில் மறுமுனையில் இருந்த கினுயோ இருக்கையோடு சேர்ந்து ஆடினாள். மாஹிரோவுக்கு ஐந்தாம் இடம்தான் என்று பலகையில் வந்தபோது, நடுவர்களின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்.

"ஏங்க, இது பாதிதான்" என்றாள் கினுயோ. "நாளைக்குப் பெரிய ஆட்டம் இருக்கு. ரெண்டையும் கூட்டித்தான் பரிசு."

ஹிசாவோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?"

"கிளம்பறோமா? நீங்கதான் மீன் பிடிக்கப் போறீங்கல்ல. நாளைக்கு உமெகி அம்மா வராங்க."

"அதெல்லாம் ரத்து. நான்தான் வருவேன்."

"கூப்பிடவே கூடாதுன்னு சொன்னது யாரு? வாக்குக் கொடுத்துட்டேங்க. இன்னைக்குப் பேனரோட மறுமுனையப் பிடிக்க ஆள் இல்லாம தவிச்சுட்டு இருந்தேன். நல்லவேளை, நீங்களே வந்து மாட்டினீங்க."

மறுநாள் அவரை விடியுமுன் எழுப்பி, சோற்று உருண்டை கட்டிக் கொடுத்து, வாசல்வரை வந்து சிரித்த முகமாக வழியனுப்பினாள். நடுக்கடலில் போனுக்குச் சிக்னல் இல்லை. மாஹிரோ விழுந்தாளா, நின்றாளா என்ற கவலையில் அவர் தூண்டிலில் இரை மாட்டவே மறந்துபோனார்.

படகு கரை சேர்ந்ததும் போன் அலறியது. கினுயோ அனுப்பிய படத்தில் மாஹிரோ கழுத்தில் தங்கப் பதக்கம். பேனருக்குப் பின்னால் வாயெல்லாம் பல்லாக கினுயோவும் உமெகி அம்மாளும். கீழே ஒரு வரி:

"கொண்டாடப் போறோம், உமெகி அம்மாவுக்கும் சேத்து மீன் கொண்டாங்க."

ஹிசாவோ தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு மீன் கடையைத் தேடி நடந்தார்.