மோதிரம் சுற்றிய வீடு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். விவாகரத்துக்குப் போன ஒரு புருஷன் பெண்டாட்டி கதை சொல்லப் போகிறேன். அழுகைக் கதை இல்லை, பயப்படாதீர்கள்.

ஒரு குடும்ப நீதிமன்றம். அதற்கு எதிரே ஜெராக்ஸ் கடை. நீதிமன்றத்தைவிட அந்தக் கடையின் மாடிப்படியில்தான் கூட்டம் நெரியும். மேலே ஏ.சி. அறையில் மோதிரச் சாமியார் வீற்றிருந்தார். முற்றும் துறந்தவர், வெக்கையை மட்டும் தாங்க மாட்டார்.

அவர் முறை சுலபம். கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டும், வழக்கு முடியும்வரை அது அவரிடமே இருக்கும். எந்தச் சொத்துக்குச் சண்டையோ அதன் படத்தை மேசையில் வைக்க வேண்டும். சாமியார் மோதிரத்தை நூலில் கட்டிப் படத்துக்கு மேலே தொங்கவிட்டு, கண்ணை முக்கால்வாசி மூடுவார். மீதிக் கால்வாசி எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. மோதிரம் வட்டமாகச் சுற்றினால் சொத்து உனக்கு. நேர்கோட்டில் ஆடினால் எதிராளிக்கு. காணிக்கை வைத்தவருக்கு நேர்கோட்டில் ஆடியதாகச் சரித்திரமே இல்லை.

நம் புருஷன் ரொட்டிக்கடை வைத்திருந்தான். பெண்டாட்டி தையல்காரி. ஒத்துவரவில்லை, பிரிந்துவிடலாம் என்று இருவருமே முடிவெடுத்தார்கள். அதில் சண்டை இல்லை. வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது, வங்கிக் கடனும் அப்படியே. விற்றுக் கடனை அடைத்து மீதியைச் சரிபாதியாக்குவது, மகள் அம்மாவிடம் இருப்பது, வாரக் கடைசியில் அப்பாவிடம் போவது என்று பேச்சு முடிந்து, கையெழுத்துதான் பாக்கி.

அப்போதுதான் அவன் மாடி ஏறினான். மோதிரம் வட்டமாகச் சுற்றியது. முழு வீடும் உனக்கே, கையெழுத்துப் போடாதே என்றார் சாமியார். மறுவாரம் அவளும் ஏறினாள். அதே வட்டம், அதே வாக்கு. வழக்கு முடியும்வரை நேரில் பேசிக்கொள்ளாதீர்கள் என்று இரண்டு வக்கீல்களும் சொல்லி வைத்திருந்தார்கள். சாமியாருக்கு அதைவிட வேறென்ன வரம் வேண்டும்?

ஆளுக்கொரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தவணையை மற்றவர் கட்டட்டும் என்று விட்டார்கள். வங்கி பொறுத்துப் பார்த்துவிட்டு ஏல அறிவிப்பைக் கதவில் ஒட்டியது. அடுத்த வாய்தாவில் கையெழுத்து விழாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். இரண்டு பேருக்கும் மிஞ்சுவது அந்தக் கதவில் ஒட்டிய காகிதம்தான்.

புருஷனுக்கு ஓர் அக்கா. போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தாள். தம்பி பிரிந்தாலும் தம்பி பெண்டாட்டியோடு அவள் பேச்சை நிறுத்தவில்லை. வாய்தா நாள் காலையில் அவன் வந்து, வீட்டைப் பெரிதாக ஒரு படம் போட்டுக் கொடு அக்கா, சாமியார் கேட்கிறார் என்றான். அவன் போன சூட்டோடு தையல்காரியும் வந்து அதையே கேட்டாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நீதிமன்றம் கூடுவதற்குள் இருவரையும் ஒன்றாக மாடியேற்றினாள். படியில் பார்த்துக்கொண்டதும் இருவர் முகமும் வெளிறியது.

"நீயுமா?" என்றான் அவன்.

"ஏன், நீங்க வந்தா பக்தி, நான் வந்தா புத்தி கெட்டதா?" என்றாள் அவள்.

ஒரே வீடு எப்படி இருவருக்கும் முழுசாகப் போகும் என்று அக்கா விசாரித்தாள். யார் நம்பிக்கை பெரிதோ அவருக்கு என்று சாமியார் வழுக்கினார். கூட்டமும் தலையாட்டியது. தலை வேறு எதற்கு இருக்கிறது!

அக்கா ஒட்டிய உறை ஒன்றை மேசையில் வைத்தாள். "வீட்டுப் படம் உள்ள இருக்கு சாமி. உங்க மோதிரத்துக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஒரு காகிதமா மறைக்கப் போகுது? என் தம்பிக்குப் பாருங்க."

இத்தனை பேர் முன்னால் மறுக்க முடியுமா? மோதிரம் தொங்கியது, சுற்றியது, பம்பரம் தோற்றது.

"வாசப்படியிலேருந்து மொட்டை மாடி வரைக்கும் இவனுக்குத்தான். யாராலயும் தடுக்க முடியாது" என்றார் சாமியார். பின்வரிசைக்கும் கேட்கட்டும் என்று அக்கா அதை இன்னொரு தடவை சொல்ல வைத்தாள். பிறகு உறையைக் கிழித்தாள்.

படத்தில் இருந்தது சாமியாரின் புது பங்களா. வாசலில் அவர் கார், கொடியில் அவர் காவி.

ரொட்டிக்கடைக்காரன் மெல்லக் கையை நீட்டினான். "சாவியைக் குடுங்க சாமி. எப்போ குடிவரட்டும்?"

சாமியாருக்குக் கண் முழுசாகத் திறந்துவிட்டது. "அதெப்படி? அது என் பேர்ல இருக்கு. பத்திரம் இருக்கு."

"அப்போ உங்க வீட்டுக்குப் பத்திரம் பேசும், எங்க வீட்டுக்கு மட்டும் மோதிரம் பேசுமா?" என்றாள் அக்கா.

முதலில் வாய்விட்டுச் சிரித்தது தையல்காரிதான். அடுத்தது அவள் புருஷன். ஒரே விஷயத்துக்கு இருவரும் சேர்ந்து சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதற்குள் கூட்டம் அவரவர் மோதிரத்தைக் கேட்டு மேசையைச் சூழ்ந்துகொண்டது. சாமியாருக்கு வேர்த்த வேர்வைக்கு அந்த ஏ.சி. போதவில்லை.

சேர்ந்துவிட்டார்களா என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? இல்லை, கண்ணுகளா. ஒழுங்காக விவாகரத்து வாங்கினார்கள். நேரே நீதிமன்றத்துக்குப் போய்ப் பேசியபடி கையெழுத்துப் போட்டார்கள். வீடு விற்றது, கடன் தீர்ந்தது. வாரக் கடைசியில் மகளைக் கொண்டுவிட வரும் அம்மாவுக்கு ரொட்டிக்கடையில் சூடாக ஒரு டீ கிடைக்கிறது. காசு வாங்குவதில்லை.

நூலை ஆட்டிய கை யாருடையது என்று பார்க்க ஞானக்கண் வேண்டாம், இருக்கிற இரண்டு கண்ணே போதும். உங்கள் வீட்டில் சிரிப்பு நிறையட்டும். சேர்ந்திருந்தாலும் பிரிந்தாலும் உட்கார்ந்து பேசித் தீர்க்கிற தெம்பு இருக்கட்டும். உங்கள் மூளைச் சாவி என்றைக்கும் உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.