மூணு மடங்கு சார்

மதுரை ஜில்லாவிலேயே தன் சம்பளத்துக்காக வெட்கமே இல்லாமல் சண்டை போட்ட ஒரே சமூக சேவகர் எங்கள் 'மூணு மடங்கு' சார்தான்.

அவனியாபுரத்தில் ஒரு அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்துக்கு அவர் மேனேஜர். அங்கே துணி துவைக்கிற எனக்குத்தான் இருப்பதிலேயே குறைந்த சம்பளம், ஒன்பதாயிரம். அவருக்கு இருபத்தேழாயிரம். கடைசி ஆள் வாங்குவதில் மூன்று மடங்குக்கு மேல் ஒரு ரூபாய் தொடமாட்டேன் என்பது, சேர்ந்த அன்றே அவராகப் போட்டுக்கொண்ட சட்டம்.

"சேவைக்கு வந்துட்டு சம்பளம் வாங்குறாரேப்பா" என்று நன்கொடை கொடுக்க வந்தவர்கள் முணுமுணுப்பார்கள்.

"ஏண்ணே, சேவை செய்யுறவனுக்கு வயிறு கிடையாதா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பார்.

இந்தக் கிறுக்கு சாப்பாட்டிலும் புகுந்துவிட்டது. நான் ஒரு தோசையோடு எழுந்தால் கத்துவார். "டேய் மாப்ள, உக்காருடா! நீ ஒண்ணு தின்னா எனக்கு மூணுதான். என் வயித்துல அடிக்காத!" நான் மூன்று தின்றால் அவர் ஒன்பது தின்பார். எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் என் வீட்டு வாடகை ஏறியது. ஒரு பட்டறையில் பதினோராயிரத்துக்குக் கூப்பிட்டார்கள். போய்விடுவதென்று சாரிடம் சொல்லிவிட்டேன். அதே வாரம் வேறொரு இல்லம் சாரைக் கூப்பிட்டது. சிம்மக்கல்லில் அரிசி மண்டி வைத்திருக்கும் எங்கள் அறக்கட்டளைத் தலைவர் பதறி ஓடி வந்தார்.

"போயிராதீங்க தம்பி. அம்பதாயிரமா வாங்கிக்கங்க."

சாருக்குப் புது பைக் மேல் ரொம்ப நாள் ஆசை. முகம் அப்படியே மலர்ந்தது. அடுத்த நொடி வாடியது.

"மாப்ளைக்கு எம்புட்டு?"

"துணி தொவைக்கிறவனுக்கு எதுக்குங்க?"

சார் என் வாளியிலிருந்து ஒரு ஈரப் போர்வையைத் தூக்கித் தலைவர் கையில் கொடுத்தார். "பிழிங்கண்ணே."

தலைவர் பிழிந்தார். முக்கிக்கொண்டு பிழிந்தார். வேட்டி நனைந்ததுதான் மிச்சம்.

"இது மாதிரி ஒரு நாளைக்கு நாப்பது" என்றார் சார்.

தலைவருக்கு மூச்சு வாங்கியது. "பன்னெண்டாயிரம். அதுக்கு மேல டிரஸ்ட்டு தாங்காது."

"அப்ப எனக்கு முப்பத்தாறு போதும்ணே." அப்புறம் என் பக்கம் திரும்பி முறைத்தார். "உன்னாலதான்டா என் பைக்கு போச்சு!"

நான் பட்டறைக்குப் போகவில்லை. அவரும் எங்கேயும் போகவில்லை.

போன மாசம் மாரடைப்பில் போய்விட்டார். மறுநாள் காலை ஒரு தோசையோடு எழுந்தேன். கை கழுவப் போகும்போதுதான் உறைத்தது. பாவம், அவருக்கு மூன்றுதானே கிடைக்கும்.

திரும்பி வந்து உட்கார்ந்து, இன்னும் இரண்டு போடச் சொன்னேன்.