நோன்புக் கஞ்சிக்கு இருநூற்று முப்பது வோல்ட்

கணக்கே தெரியாத மனிதனால் ஊருக்குப் பெரிய கெடுதி இல்லை. அரைக் கணக்குத் தெரிந்தவனிடம்தான் அவதானமாக இருக்க வேண்டும். நான் அரைக் கணக்குக்காரன். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. பட வேண்டிய வெட்கத்தையெல்லாம் எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனைக் கடற்கரைப் பக்கம், ஒரு றமழான் மாலையில் மொத்தமாகப் பட்டு முடித்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ்.

அப்போது நான் புது மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. போகிறவன் ஏதாவது ஒன்றிலாவது கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் (இல்லாவிட்டால் ஆயுசுக்கும் தேங்காய் உரிக்க விட்டுவிடுவார்கள்). எட்டாம் வகுப்போடு நின்ற நான், கரண்ட் விசயத்தில் புலி என்று சொல்லி வைத்திருந்தேன். ரேடியோ திருத்தும் கூட்டாளியின் கடையில் குந்திக்கொண்டு கதைத்ததில் ஒரே ஒரு சூத்திரம் கைவசம் இருந்தது: வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வாட்.

மாமா, அதாவது பெண்ணின் வாப்பா, பக்கத்துச் சின்னப் பள்ளிவாசலின் மரைக்காயர், நிர்வாகமெல்லாம் அவர்தான். பள்ளிக்கு அப்போது கரண்ட் லைன் வந்திருக்கவில்லை. ஒலிபெருக்கிக்கு, ஒட்டியிருந்த மாமா வீட்டிலிருந்துதான் வயர் போகும். கடல் இரைச்சலில் ஊர்ப் பெரிய பள்ளியில் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு எங்கள் சந்து ஒழுங்கைகளுக்குக் கேட்காது. ரேடியோவில் வருவது கொழும்பு வாங்கு; அங்கே சூரியன் எங்களுக்குப் பிறகுதான் இறங்கும். ஆகவே அத்தனை வீடும் நோன்பு திறப்பது மாமா வீட்டுக் கரண்டை நம்பித்தான்.

அந்தக் கரண்டில்தான் நான் கை வைத்தேன்.

என் மனைவி றஹீமாவின் காக்கா, அவளுடைய மூத்த சகோதரர், சவூதியிலிருந்து ஒரு கரண்ட் அடுப்பு அனுப்பியிருந்தார். சுருள் கம்பி அடுப்பு. அடியில் தகட்டில் 110 வோல்ட், 5 அம்பியர் என்று போட்டிருந்தது. றஹீமா விஞ்ஞான பாடத்தில் சித்தியடைந்தவள். தகட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

“இஞ்ச பாருங்க, இது நூற்றிப் பத்துக்குச் செஞ்சது. நம்மட கரண்ட் இருநூற்றி முப்பது.”

“அதுக்குத்தான் புள்ள கணக்கு!” என்றேன். “நூற்றிப் பத்த அஞ்சால பெருக்கு. ஐந்நூற்றி அம்பது வாட். அத இருநூற்றி முப்பதால பிரி. ரெண்டரை அம்பியர் கூட வராது. நம்மட பியூஸ் அஞ்சு. இன்னொரு அடுப்பும் போடலாம்!”

மாமா தலையைச் சொறிந்தார். “மருமகன், பள்ளிட ஸ்பீக்கரும் இதிலதான் ஓடுது. வடிவாப் பார்த்தயளா?”

“பார்த்தாச்சு மாமா!”

வாங்குக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கஞ்சிச் சட்டியை ஏற்றி, பிஸ்மி சொல்லி, பிளக்கைச் சொருகினேன். கம்பி சிவந்தது. மஞ்சளானது. பிறகு பார்க்கக் கண் கூசும் வெள்ளை! கஞ்சி சட்டிக்குள் துள்ளியது. மச்சினிமார் கைதட்டினார்கள். அதுவரை என் முன்னால் வராத மாமி, கதவுக்குப் பின்னால் நின்று, “மாஷா அல்லாஹ், விறகே தேவல்ல போல!” என்றார். என் நெஞ்சு சேர்ட்டின் பொத்தானைத் தாண்டி வெளியே வந்துவிட்டது.

பள்ளியில் வாங்கு சொல்லும் மோதினார் மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டது. டொக், டொக்.

டப்!

பல்பு போனது. ஸ்பீக்கர் போனது. பியூஸ் கம்பி உருகி ஒரு முத்தாகக் கிடந்தது. மாற்ற வேறு கம்பி வீட்டில் இல்லை. இது தெரியாத மோதினார், செத்த மைக்கில் வாங்கை முழுதாகச் சொல்லி முடித்தார். கேட்டது பள்ளி முற்றத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் மட்டும்.

மாமா ஈச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “நமக்குக் கேட்டுது. மத்தச் சனத்துக்கு? நோன்பு திறக்கச் சுணக்கக் கூடாது மருமகன்.”

ஓடினேன்! சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகக் கத்தினேன். “வாங்கு சொல்லியாச்சு! நோன்பு திறங்க!”

வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பியது. “யாருகா இது?”

“மரைக்காரட புது மாப்புள்ள,” என்றது பக்கத்து வேலி.

“பாவம்கா, மாப்புள்ளைக்குப் பசி தாங்கல்ல!”

ஒழுங்கை முழுக்கச் சிரிப்பு. கஞ்சிக் கோப்பை முன்னால் இருந்தும் ஒருவரும் தொடவில்லை. சத்தியம் பண்ணினேன். நம்பவில்லை. நம்பட்டும் என்று, ஒரு வீட்டுத் தட்டிலிருந்து ஈச்சம்பழம் ஒன்றை எடுத்து அவர்கள் கண்முன்னே தின்று காட்டினேன்.

“யா அல்லாஹ், மாப்புள்ள நோன்ப முறிச்சிட்டாரு!” என்று ஒரு கிழவி அலறினாள்.

அந்த நேரம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு மாமா வந்து சேர்ந்தார். அவமானம் இதோடு முழுதாகிறது என்று தலையைக் குனிந்தேன். மாமா என் தோளில் கை வைத்து உரத்துச் சொன்னார்:

“திறங்க புள்ளையள்! என்ட மருமகன் சொல்றது உண்ம. கரண்டுல மட்டும்தான் அவர நம்பப்படாது!”

ஒழுங்கை நோன்பு திறந்தது.

மஃரிப் தொழுதுவிட்டு வந்த என்னிடம், விளக்கு வெளிச்சத்தில் றஹீமா கேட்டாள்: “நூற்றிப் பத்த அஞ்சால பிரிங்க.”

“இருபத்திரெண்டு.”

“அதுதான் கம்பிட தடை, இருபத்திரெண்டு ஓம்ஸ். வாட்டு மாறும், தடை அப்படியே கிடக்கும். இப்ப இருநூற்றி முப்பத இருபத்திரெண்டால பிரிங்க.”

பத்தரை அம்பியருக்குக் கிட்ட வந்தது. பெருக்கினால் இரண்டாயிரத்து நானூறு வாட்! ஐந்நூற்று ஐம்பது என்று நினைத்து, நாலு அடுப்பின் சூட்டை ஒரே அடுப்பில் ஏற்றியிருக்கிறேன். ஐந்து அம்பியர் பியூஸ் அவ்வளவு நேரம் தாங்கியதே அல்லாஹ்வின் கிருபை.

இப்போது பள்ளிக்குத் தனி லைன் உண்டு, மினாராவில் நாலு ஸ்பீக்கர். எனக்கே மருமக்கள் வந்துவிட்டார்கள். ஆனாலும் றமழானில் வாங்கு ஒரு மூச்சுப் பிந்தினால் போதும், வேலிக்கு அங்கால் யாராவது கேட்பார்கள்: “என்னகா, மாப்புள்ளைய இன்னும் காணல்ல?”

உடனே என் பேத்தி எழும்பிப் போய், என் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைக்கிறாள்.