கான்ஸ்டபிள் ஊரை விட்டு நகர முடியாது

கிளன்புரூக், அரசியாரின் ஆட்சி முப்பதாம் ஆண்டு, ஜூலை மாதம்.

என் அன்புக்குரிய மனைவி வினிஃபிரெட்டுக்கு, கிளன்புரூக் ஊர்க் கான்ஸ்டபிளும் உன் கணவனுமாகிய ஹம்ஃப்ரி டாலி எழுதிக்கொள்வது. கடவுள் கிருபையால் நான், பசு, இரண்டு பன்றிகள் யாவரும் சுகம். நீயும் உன் அக்காள் மார்ஜரியும் லட்லோவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளுடைய பாலாடைக்கட்டியைப் பற்றி நான் அன்று சொன்னதை அவளிடம் நீ சொல்லியிருக்க மாட்டாய் என்றும் நம்புகிறேன்.

ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று தவக்காலத்துக்கு முன்னால் போனவள் நீ. "போறவளுக்கு வழி தெரிஞ்சா வர்றதுக்கும் தெரியும்" என்று நான் வாசலில் நின்று சொன்னது கோபத்தில். ஐந்து மாதம் ஆகிவிட்டது. பன்னிரண்டு மைல்தானே, வந்து கூட்டிக்கொண்டு போனால் என்ன குறைந்துவிடும் என்று நீ நினைக்கலாம். ஈஸ்டர் முடிந்ததும் ஊர்ச் சபையில், வீட்டு வரிசைப்படி இந்த வருஷம் நம் முறை என்று, கான்ஸ்டபிள் கோலை என் கையில் திணித்துவிட்டார்கள். கோலைப் பிடித்தவன் ஒரு வருஷத்துக்கு ஊரை விட்டு அசையக் கூடாது. நான் என்ன செய்ய?

இந்த உத்தியோகம் எப்படிப்பட்டது என்று கேள். ஸ்பெயின்காரன் கப்பலில் வருகிறான் என்று அரசியார் ஆலோசனைச் சபைக்குச் சொல்கிறார், சபை நம் மாவட்டப் படைக்குப் பொறுப்பான பிரபுவுக்கு எழுதுகிறது, பிரபு தன் துணைவர்களுக்கு, துணைவர்கள் வட்டார நடுவர்களுக்கு, நடுவர்கள் பெரிய கான்ஸ்டபிளுக்கு, அவர் குதிரையில் வந்து என் தலையில் இறக்கிவிட்டுப் போகிறார். எனக்குக் கீழே சொல்ல ஒரு ஈ காக்கை கிடையாது. நீ இருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேன். "நீங்களே போய்ச் செய்ங்க" என்று நீயும் திருப்பி அனுப்பியிருப்பாய். அதைக் கேட்கக்கூட ஆள் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

போன வாரம் படைக் கணக்கெடுப்பு. ஆறு பேர் இரும்புத் தொப்பியோடு நிற்க வேண்டும் என்று உத்தரவு. தேவாலயக் கோபுரத்தில் இருந்ததோ நான்கு, அதில் ஒன்றில் எலி குட்டி போட்டிருந்தது. ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுவார்கள் என்பதால், எண்ணி முடிந்தவன் வேலிக்குப் பின்னால் ஓடி அடுத்தவனுக்குத் தொப்பியைக் கழற்றிக் கொடுப்பதென்று ஏற்பாடு செய்தேன். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசியாகக் கிழவர் டோபியாஸ் வந்து நின்றார். கணக்கெடுக்க வந்த லண்டன் துரை தொப்பிக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"இப்பதானே போட்ட? அதுக்குள்ள எப்படி இவ்வளவு வேர்வை?"

"ஸ்பெயின்காரனை நெனச்சேன் எசமான். வேர்த்துக் கொட்டிருச்சு."

ஊரே சிரித்தது. வசவு வாங்கியது மட்டும் நான். வீட்டுக்கு வந்து இதை உனக்கு நடித்துக் காட்ட வேண்டும் என்று ஓட்டமாக ஓடி வந்தேன். கதவைத் திறந்த பிறகுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பன்றிகளிடம் சொன்னேன்.

அதோடு போகவில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் திரிகிறவனை நிறுத்தி விசாரிப்பதும் என் வேலை. செவ்வாய்க்கிழமை ஒரு ஊசி வியாபாரி மாட்டினான். சட்டப்படி கேட்டேன். சொந்த ஊர் எது, ஏன் கிளம்பினாய், ஏன் திரும்பிப் போகவில்லை.

"ஊரும் தெரியும், வழியும் தெரியும் எசமான். வான்னு ஒரு ஆளு சொல்லணும்ல?" என்றான்.

சவுக்கடி கொடுக்க வேண்டியவனை உள்ளே உட்காரவைத்து, இருந்த பீரையெல்லாம் ஊற்றிக் கொடுத்துச் சீட்டும் எழுதி அனுப்பினேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை, கஞ்சி தினமும் அடிப்பிடிக்கிறது. உன்னை ரொம்பத் தேடுகிறது வினி.

ஆனாலும் கடமை கடமைதான். நான் வர இயலாது. நீயாக நல்ல வண்டி பார்த்து வரவும், இல்லையேல் அடுத்த ஈஸ்டர்வரை பொறுத்துக்கொள்ளவும். ஆண்டவர் உன்னையும், அரசியாரையும், இதே வரிசையில் காப்பாராக.

இப்படிக்கு,
உன் ஹம்ஃப்ரி டாலி, கான்ஸ்டபிள்.

பின்குறிப்பு: இந்த வருஷ முறை ரால்ஃப் ஹாப்டேயுடையது. நான்தான் சபையில் எழுந்து கேட்டு வாங்கினேன். ஏன் இன்னும் போய்க் கூட்டி வரவில்லை என்று ஊரார் கேட்டபோது சொல்ல எனக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. வாசலில் நின்று அப்படிப் பேசிய பிறகு எந்த முகத்தோடு வருவது? இன்று காலை கோலை ரால்ஃபிடமே கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்ததும் நான்தான். இந்தப் பின்குறிப்பை மட்டும் உன் அக்காள் வீட்டுக்கு எதிரே நின்று, கழுதை முதுகில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. இதைக் கதவுக்கு அடியில் தள்ளப் போகிறேன். வா வினி, வீட்டுக்குப் போகலாம்.