கனவில் குடித்த தண்ணீர்

இல்லாத கிணற்றை எந்த இடத்தில் தோண்டுவது என்று வர்த்தகர் சங்கத்திலிருந்து உதயராஜுக்குக் கடிதம் வந்திருந்தது. சனிக்கிழமை அவருடைய புத்தக வெளியீட்டு விழா. கிணற்றையும் அன்றைக்கே திறந்துவிடலாமாம்.

ரம்புக்கனை நகரத்தின் சரித்திரத்தை முப்பது வருடமாக எழுதுகிறவர் உதயராஜ். ஸ்டேஷன், கடைவீதி, எதைக் கேட்டாலும் வருடமும் ஆதாரமும் சொல்வார். ஆதாரமில்லாமல் அவர் எழுதியது ஒரே ஒரு வரி. போன மாரியில், பனி இறங்கிய ஒரு விடியற்காலையில், ரப்பர் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு வந்த தன் பாட்டன்மார் ரயிலைவிட்டு இறங்கி ஒரு கிணற்றில் தண்ணீர் குடிப்பதாகக் கனவு கண்டார். கூடவே அவரும் குடித்தார். விழித்த பிறகும் நெஞ்சுக்குள் அந்தக் குளிர்ச்சி இருந்தது. பழைய ரிக்கார்டு எதிலும் அந்தச் சனத்துக்கு ஒரு வரி கிடையாது. பாவம், ஒரு கிணறாவது இருக்கட்டுமே என்று பத்திரிகைக் கட்டுரையில் எழுதிவிட்டார். அதைப் படித்த சங்கம், தூர்ந்துபோன கிணற்றைத் தோண்டி எடுக்கக் கிளம்பிவிட்டது.

"கனவுன்னு சொல்லிடுங்களேன்," என்றார் மனைவி சுஜீதா.

"சொன்னா, மத்த முப்பது வருஷத்தையும் கனவும்பாங்க."

கிணறே இல்லை என்று ஊரில் யாராவது சொன்னால், அதைக் காட்டித் திருத்தம் போட்டுவிடலாம். அந்த எண்ணத்தோடு கடைவீதிக்குப் போனார்.

"கிணறா? எங்கட வாப்பா அதுலதான் குளிச்சாரு சேர்," என்று புடவைக்கடை புவாட் தெற்கே கையைக் காட்டினார்.

"ஓவ் மாத்தயா, பெரிய கிணறு," என்று சிங்களம் கலந்து ஆமாம் போட்ட த்ரீவீல் ஆட்டோக்காரர் வடக்கே காட்டினார்.

போச்சுடா என்று ஆகிவிட்டது. சாட்சிகள் முரண்படுவதால் பொறுத்திருக்கலாம் என்று சங்கத்துக்கு எழுதினார். சங்கம் பொறுக்கவில்லை, இரண்டு இடத்திலும் தோண்டியது. தெற்கே பாறை. வடக்கே குழாய் உடைந்து, கடைவீதி முழுக்கத் தண்ணீர் வராமல் போனது.

அன்றைக்கு விஜயகலாவின் டீக்கடையில் மட்டும் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. உதயராஜ் ஒரு பிளேன்டீயோடு சோர்ந்துபோய் உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கம் எந்தக் காலத்துலயும் கிணறு இருந்ததில்ல சார்," என்றாள் விஜயகலா. "எங்க வேணும்னாலும் சத்தியம் பண்றேன்."

உதயராஜுக்கு உயிர் வந்தது. ஊரில் ஒரே ஒரு யோக்கியமான சாட்சி.

சங்கம் அடுத்து டீக்கடைப் பக்கம் தோண்டப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டதும், அவள் கடையும் பாழாவதை அவரால் தாங்க முடியவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று, கிணறு தன் கனவு என்று சொல்லிவிட்டார். விஜயகலா சத்தியம் பண்ணினாள். சங்கம் தோண்டுவதை நிறுத்தியது, விழாவையும் நிறுத்தியது.

"கனவுச் சரித்திரம்," என்று புவாட்கூடச் சிரித்தார்.

சனிக்கிழமை காலை, விழா நடக்கவேண்டிய நேரத்தில், உதயராஜ் டீக்கடையில் தனியாக இருந்தார். அவமானத்தைவிட, பாட்டன்மாரிடமிருந்து அந்தத் தண்ணீரைத் தானே பிடுங்கிவிட்டது போன்ற வருத்தம்தான் பெரிதாக இருந்தது. மலைப்பக்கமிருந்து இறங்கிய பனியில் கண்டி ரயில் மெதுவாக ஊர்ந்தது.

விஜயகலா உள்ளேயிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒரு மிடறு குடித்தவர் கிளாஸை உற்றுப் பார்த்தார். அதே குளிர்ச்சி.

"குழாய்ல இன்னும் தண்ணி வரலியேம்மா?"

விஜயகலா வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கிணறு எங்க அடுப்படிப் பலகைக்குக் கீழதான் சார் இருக்கு, நீங்க இல்லன்னு சொன்னதாலதான் கடை தப்பிச்சிச்சு."