கல்லில் ஏற வேண்டிய மூன்று பெயர்கள்

கனிஷாய் கணினியைத் திறந்தபோது, கணவாயைத் தாண்டி வந்து ஆக்தெரெக் ஊரை நிறுவிய மூன்று குடும்பங்கள் நான்காகியிருந்தன.

மறைந்த ஜாபர் வாத்தியார் எழுதிய ஊர் வரலாற்றில் மிஞ்சியது ஒரே பிரதி. எலி மிச்சத்தையும் தின்பதற்குள் அதைத் தட்டச்சு செய்து, இணையக் கலைக்களஞ்சியமான விக்கியில் ஏற்றியவள் நூலகத்துக் கனிஷாய்தான். "இனி ஆயிரம் வருஷமானாலும் ஓர் எழுத்து அழியாது" என்று ஊர்க்கூட்டத்தில் மார்தட்டியவளும் அவள்தான். அழியாதுதான். கூடும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

ஊரும் நம்பியது. நிறுவியவர்களின் பெயர்களை விக்கியில் இருக்கிறபடியே கல்லில் செதுக்கி, வெள்ளிக்கிழமை சதுக்கத்தில் நடுவதென்று முடிவானது.

அவள் நேரே நான்காவது குடும்பத்தின் வாரிசிடம் போனாள்.

"ஓமுர்சாக் மாமா, இது உங்க வேலைதானே?"

"'திருத்து'ன்னு பொத்தான் இருந்துச்சு, திருத்தினேன். பேத்திக்கு ஏழு தலைமுறை பேரையும் ஒப்பிக்கச் சொல்லித் தர்றேன். கல்லுல எங்கப்பா பேரே இல்லைன்னா அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"பழசு எல்லாமே உள்ள பத்திரமா இருக்கு மாமா. இதை அழுத்தினா போதும், திரும்பிடும்." அழுத்திக் காட்டினாள்.

காட்டியிருக்கக் கூடாது. மாமாவும் அழுத்தக் கற்றுக்கொண்டார். தேநீர்க்கடையில் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். சாயங்காலத்துக்குள் பதினேழு குடும்பங்கள் கணவாயைத் தாண்டிவிட்டன. அதில் ஒன்று லாரியில் வந்திருந்தது.

கல்தச்சன் குபாத் போன் செய்தான். "அக்கா, கல்லு பத்தாது போலிருக்கே. மலையையே பேத்துக் கொண்டாரவா?"

கனிஷாய், தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் விக்கி நிர்வாகி எர்மெக்கை அழைத்தாள். "தம்பி, மூணு பேரை மட்டும் வச்சு, யாரும் தொட முடியாதபடி பக்கத்தைப் பூட்டிடுடா."

"பூட்டிட்டேன் அக்கா."

பார்த்தாள். பதினெட்டு. கடைசிப் பெயர் எர்மெக்கின் மாமனாருடைய அப்பா.

"என்னடா இது?"

"நான் வீட்டுக்குப் போகணுமில்ல, அக்கா."

வேறு வழியில்லாமல் எலி கடித்த புத்தகத்தையே வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அங்கே ஓமுர்சாக் மாமாவும் குபாத்தும் தேநீர் குடித்தபடி காத்திருந்தார்கள். புத்தகத்தை அவர்கள் முன்னால் விரித்தாள்.

"அச்சுதான் சாட்சி! மூணே குடும்பம். மூணாவது எங்க தாத்தா மம்பெத்தாலி." அந்தப் பெயரை மட்டும் இரண்டு முறை படித்தாள். "வாத்தியார் எழுதினதுல யாரும் கை வைக்கக்கூடாது. செதுக்குடா குபாத்!"

மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா நிமிரவேயில்லை.

"வாத்தியார் எழுதினது ரெண்டு குடும்பம்தான்டி. அச்சுக்குப் போறதுக்கு முந்தின நாள் உங்க தாத்தா அவர் வீட்டுக்கு ஒரு கொழுத்த ஆட்டை ஓட்டிட்டுப் போனாரு. அந்தக் காலத்துல ஏது பொத்தான்?"