அன்னபாக்கியத்தின் பாலில் குற்றமில்லை

துணுக்காய்,
18.8.1957

பெருமதிப்புக்குரிய அக்கா விமலேஸ்வரி அவர்கட்குத் தம்பி தில்லைநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூவரும் சுகம் என்று இன்றுதான் உண்மையாக எழுதக்கூடியதாக இருக்கிறது. போன மூன்று கடிதங்களிலும் எழுதிய சுகம் மரியாதைக்காக எழுதியது.

மகள் நாகேஸ்வரிக்கு இரண்டாம் மாதம் பெரியம்மைத் தடுப்புக்கு அம்மைப்பால் குத்தினார்கள். எட்டாம் நாள் கொப்புளம் எழும்ப வேண்டுமாம், எழும்பவில்லை. மூன்றாம் மாதம் மறுபடி குத்தினார்கள். பிள்ளை அழுததுதான் மிச்சம். பக்கத்துக் காணி ஏரம்புவின் ஒன்றரை வயது மகனுக்கு முதற் குத்திலேயே பிடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து இந்தியாவில் பெரியம்மை என்று கதை வந்ததா, எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தில் இரண்டு காரியம் செய்தேன். அரசாங்கத்தின் அம்மைப்பாலில் யாரோ தண்ணீர் கலக்கிறார்கள் என்று மேலிடத்துக்கு நான்கு பக்கத்தில் ஒரு பெட்டிசம் எழுதினேன். உங்களிடமும் புத்தி கேட்டு எழுதினேன்.

"அம்மை வந்த உடம்பு, உன்ர மனுசியின்ர பாலிலதான் குற்றம். பாலை நிப்பாட்டிப் பால்மா குடு. அந்த முகத்தைப் பாத்துச் செய் எண்டு கலியாணத்துக்கு முந்தியே சொன்னனான்" என்று நீங்கள் பதில் போட்டீர்கள். அதை அன்னபாக்கியத்துக்கு உரத்து வாசித்துக் காட்டியது என் பிழை. பதினொரு வயதில் அவளுக்கு அம்மை வந்தபோது அதே கிழமையில் அவளுடைய தம்பிமார் இருவர் செத்துப் போனார்கள். கேட்டு முடிந்ததும் அவள் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, அடுப்பெரியும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஐந்து நாள் பால்மா கரைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாளே வயிற்றோட்டம் தொடங்கிவிட்டது. ஆறாம் நாள் பிள்ளையின் கண் குழி விழுந்து, அழவும் சத்தில்லாமல் கிடந்தது. அன்றைக்குத்தான் அம்மைப்பால் குத்திய சுகாதாரப் பரிசோதகர் கனகலிங்கம் பன்னிரண்டு மைல் சைக்கிள் உழக்கி வந்தார், என்னுடைய பெட்டிசத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. விசாரிக்கும்படி அதை அவரிடமே அனுப்பியிருக்கிறார்கள்.

"தண்ணி கலந்தவன் நான்தான் எண்ட மாதிரி எழுதியிருக்கிறியள். எழுத்து வடிவாயிருக்கு" என்றவர், பிள்ளையைக் கண்டதும் தாளை மடித்துவிட்டார். "தாய்ப்பாலை ஆர் நிப்பாட்டச் சொன்னது?"

உங்கள் மரியாதையைக் காப்பாற்ற, யாரோ ஒரு டொக்டர் என்றேன். அவர் நம்பவில்லை.

அன்னபாக்கியத்தைக் கூப்பிட்டு, "தங்கச்சி, உமக்கு அம்மை வந்தது எத்தினை வயதில?" என்று கேட்டார்.

"பதினொண்டில."

"அப்ப உம்மட ரத்தம் அம்மையோட சண்டை பிடிச்சு வெண்டிருக்கு. அந்த எதிர்ப்பு, பிள்ளை வயித்துக்குள்ள இருக்கேக்கையே அதின்ர ரத்தத்துக்குப் போயிட்டுது. நாங்கள் குத்தின அம்மைப்பாலும் அம்மைக்குச் சொந்தக்காரன்தானே, அதையும் எழும்ப விடாமல் அடிச்சுப் போட்டுது. இதுக்கும் பாலுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. மாதம் போகப்போக அந்த எதிர்ப்புக் குறையும். ஒன்பதாம் மாதம் குத்துவம், பிடிக்கும். இப்ப பிள்ளைக்குப் பாலைக் குடும்."

ஆறு நாளாகக் கதைக்காதவள் அப்போதுதான் அழுதாள். அழுதபடியே பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பால் மெல்ல மெல்லத்தான் ஊறியது. நாலாம் நாள் வயிற்றோட்டம் நின்றது. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கிணற்றில் இரண்டு குடம் அள்ளிக் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்தேன். ஒரு குடம் போதும் என்றாள்.

போன மாதம் மூன்றாம் தரம் குத்தினார்கள். எட்டாம் நாள் கையில் முத்துப்போல ஒரு கொப்புளம். இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. காய்ச்சலைக் கண்டு சந்தோஷப்பட்ட தகப்பன் இந்தப் பகுதியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெட்டிசத்தை வாபஸ் வாங்குவதாக ஆறு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே அக்கா, நீங்கள் வேண்டாம் என்ற அந்த முகத்துத் தழும்புகள்தான் உங்கள் மருமகள் நாகேஸ்வரிக்குக் காவல் நின்றிருக்கின்றன. இதை நீங்கள் வந்து அன்னபாக்கியத்துக்கு உங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

வற்றாப்பளை அம்மன் உங்கள் வீட்டையும் பார்த்துக்கொள்வா.

என்றும் உங்கள் சொல் தட்டாத, இந்த ஒருமுறை தட்டிய,
தம்பி தில்லைநாதன்

பி.கு.: கடிதத்தை அன்னபாக்கியம் வாசித்தாள். "பரிசோதகர் பிறகு சொன்னதை விட்டிட்டியள். அம்மை வராமல், சின்னனில அம்மைப்பால் மட்டும் குத்தின தாய்மாரிட்ட இருந்தும் பிள்ளைக்கு இந்த எதிர்ப்புப் போகுமாம். விமலேஸ்வரி மச்சாளும் தன்ர பிள்ளையளுக்கு அப்பிடிக் குடுத்திருப்பா. என்ர முகத்துக்காக நீங்கள் வழக்காட வேண்டாம். எல்லாத்தையும் வெட்டிப்போட்டு, பிள்ளை சுகம், வந்து பாருங்கோ எண்டு மட்டும் எழுதுங்கோ" என்கிறாள். வேறு தாள் இல்லாதபடியால் வெட்டாமல் அனுப்புகிறேன். மேலே உள்ளதை வாசிக்க வேண்டாம். பிள்ளை சுகம். வந்து பாருங்கள்.